திரையில் விழாத கால்கள்

அனுப்புநர்
தையற்காரர் (இதய நோயாளியின் கணவர்),
மூன்றாம் மாடி, சந்தைத் தெரு.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: நேரடிப் பரிசோதனைப் பட்டியலில் என் மனைவியின் பெயரை மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மனைவிக்கு ஒன்பது ஆண்டுகளாக இதய பலவீனம். காணொளி மருத்துவம் வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டவர்கள் நாங்கள். இரண்டு பேருந்து மாறி, அரை நாள் வரிசையில் நின்று, மூச்சிரைக்க வீடு திரும்பும் பாடு ஒழிந்தது. முதல் ஒரு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2. ஆனால், மருத்துவர் கைபேசியில் வருவதை வீட்டுக்கு விருந்தாளி வருவதாகவே என் மனைவி நினைக்கிறாள். முகம் கழுவி, பவுடர் பூசி, நல்ல சேலை உடுத்தி நிமிர்ந்து உட்காருவாள். கேட்டால், "பெரிய டாக்டர் முன்னாடி அழுது வடிஞ்சுக்கிட்டா உக்காருவாங்க?" என்று என்னை அதட்டுவாள்.

3. கடந்த மாதம் நான்காம் தேதி அழைப்பு மூன்று நிமிடம் நீடித்தது. "முகம் நல்லா தெளிவா இருக்கேம்மா, கால் வீக்கம் உண்டா?" என்றார் மருத்துவர். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கேன்" என்றாள் இவள். அப்போது அவள் கால்கள் செருப்பு நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. நான் வாய் திறப்பதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது. அன்றே, வீக்கம் வடிய அவள் சாப்பிடும் நீர் மாத்திரை பாதியாகக் குறைக்கப்பட்டது. 'நிலை சீர்' என்று பதிவாகி, நேரில் பார்க்க வாங்கியிருந்த தேதியும் ரத்தானது.

4. என் மனைவி பொய் சொன்னாள், ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருடமாகத் துணி தைக்கிறேன். இடுப்பளவை வாயால் கேட்டு ஒரு துணியும் வெட்டியதில்லை. யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள் என்று எனக்கே தெரியும்போது, படித்தவர்களுக்குத் தெரியாதா?

5. அன்றுமுதல் தினமும் காலையில் அவள் கணுக்காலை நாடாவால் அளக்கிறேன். ஒன்பதரை அங்குலம் பதினொன்றேகால் ஆகிவிட்டது. குறிப்பு இணைத்துள்ளேன். நேரில் அழைத்து வந்தபோது, பட்டியலில் பெயரில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினர். உதவி எண்ணில் நான்கு முறை முறையிட்டேன். "சிஸ்டத்துல சீர்னுதான் சார் இருக்கு" என்கிறார்கள்.

6. காணொளியை நிறுத்துமாறு நான் கேட்கவில்லை. இந்த வாரமே ஒரு மருத்துவர் அவள் காலை விரலால் அழுத்திப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். இம்மனு மீதான விசாரணையைத் தயவுசெய்து காணொளியில் வைக்க வேண்டாம். நேற்று முதல் அவளால் படியிறங்க முடியவில்லை. தாங்கள்தான் மூன்று மாடி ஏறி வர வேண்டியிருக்கும்.

இடம்: வீடு
நாள்: 11-ஆம் தேதி, செவ்வாய்

கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையற்காரர்

இணைப்பு: கணுக்கால் அளவுக் குறிப்பு, முப்பத்தேழு நாட்கள்.