புறங்கைப் பழக்கம்

மார்ச் 3, திங்கள்

மூன்று வீட்டு வேலை. ஒரு மோட்டார், ஒரு ஃபேன், ஒரு பெரியவர் வீட்டு அழைப்பு மணி. மணியில் கோளாறே இல்லை. அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை, அவ்வளவுதான்.

மாலையில் என் மனைவி போன் செய்தாள். பக்கத்து நாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஹாஸ்டலில் காய்ச்சலோடு படுத்திருக்கிறாளாம். நூற்றொன்று என்றாள். நம்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பஸ்ஸில் ஏறினால் ஆறு மணி நேரம்தான். போனாலும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கேயே தங்க எனக்கும் வேலை அனுமதி வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. அங்கே ஒரு கம்பெனி என்னை எலக்ட்ரீஷியனாக எடுத்துக்கொள்ளத் தயார். 11ஆம் தேதி இங்கேயே தொழில் தேர்வு, தேறினால் அனுமதி. எட்டாவது படிக்கிற என் மகள் வாலு, தன் சைக்கிளை யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே முடிவு செய்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக வயரோடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்கே தேர்வா? வைக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

தேறவில்லை.

மார்ச் 12, புதன்

நேற்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஒரு சுவர், ஒரு ஸ்விட்ச் போர்டு, எங்கேயோ ஒரு பழுது. கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். தேர்வு வைத்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. மெயினை அணைத்தேன். போர்டைத் திறந்தேன். அப்புறம் கை தானாகப் போனது – வயரில் புறங்கையால் ஒரு தடவல். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையை இறுக்கிக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிவிடும் என்பது எங்கள் கணக்கு.

"போதும், நிறுத்துங்க" என்றார்.

"மெயினை அணைச்சுட்டேனே மேடம்."

"அணைச்சுட்டீங்கன்னா எதுக்குத் தொட்டுப் பாத்தீங்க? நம்பிக்கை இல்லாமதானே?"

போர்டை மூடிவிட்டு வெளியே வந்தேன். தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். நான் நக்கியது கரண்ட்டை. இன்னொரு வாய்ப்பு உண்டு, ஏப்ரல் 16. அதிலும் போனால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இன்னும் ஒரு வருடம் அவள் அங்கே, நாங்கள் இங்கே.

மார்ச் 15, சனி

ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். வாலு பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீ, என்ன மனுஷன் நான்.

மார்ச் 16, ஞாயிறு

வாலு போட்டுக்கொடுத்துவிட்டாள். போனில் அவள் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எங்க வார்டுக்கு மாசம் ரெண்டு பேராவது இப்படித் தொட்டுக் கரண்ட் அடிச்சு வர்றாங்க. ஒருத்தர்கூடப் புதுசு இல்ல. எல்லாரும் உங்கள மாதிரி அனுபவசாலிங்கதான்" என்றாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், நான் என்ன செய்ய என்றேன்.

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றாள்.

எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

வாலு வைத்தியம் ஆரம்பித்திருக்கிறாள். அவளுடைய வாத்துப் படம் போட்ட காலுறை ஒன்று, வீட்டில் இருக்கும்போதெல்லாம் என் வலது கையில். அயர்ன்பாக்ஸ் சூடா, பால் பாத்திரம் சூடா – கை போன ஒவ்வொரு தடவையும் "ஒண்ணு", "ரெண்டு" என்று எண்ணுகிறாள். எண்ணிக்கைக்கு ஒரு தடவை அவள் ஷூவுக்கு நான் பாலிஷ் போட வேண்டும். இன்று ஏழு. அந்த ஷூவில் முகம் பார்க்கலாம்.

மார்ச் 27, வியாழன்

மூன்று.

ஏப்ரல் 2, புதன்

ஒரு ஜவுளிக்கடையில் விளக்கு எரியவில்லை. மெயினை அணைத்தேன். ஸ்டூலில் ஏறி, இடது கையால் இரும்பு ஷட்டரைப் பிடித்துக்கொண்டேன். வலது கை கிளம்பியது. 'ஒண்ணு' என்று வாலுவின் குரல் காதில் கேட்ட மாதிரி இருந்தது. பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்து வயரில் வைத்தேன்.

எரிந்தது. மெயின் அணைந்துதான் இருக்கிறது, டெஸ்டர் எரிகிறது. பக்கத்துக் கடையிலிருந்து எவனோ திருட்டுத்தனமாக ஒரு வயரை இழுத்து இதில் கோத்திருக்கிறான். புறங்கையால் தொட்டிருந்தால் கரண்ட் நெஞ்சைக் கடந்து, ஷட்டரைப் பிடித்த கை வழியாக இறங்கியிருக்கும்.

இறங்கி, துணி மூட்டை மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். இத்தனை வருடம் நான் பிழைத்தது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா? பயமாக இருக்கிறது. அவளிடம் இதைச் சொல்லவே கூடாது.

ஏப்ரல் 16, புதன்

அதே அறை, அதே மேடம். மெயினை அணைத்தேன். கரண்ட் இருக்கிற வேறொரு லைனில் டெஸ்டரை வைத்து அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தேன். பிறகு அணைத்த லைனில் வைத்தேன். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மெயினைத்தான் அணைச்சுட்டீங்களே. அப்புறம் எதுக்குப் பாக்குறீங்க?"

"நம்பிக்கை இல்லாமதான் மேடம்."

நிமிர்ந்து பார்க்காமல் என்னவோ எழுதினார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. போனில் அவளிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. நான் நின்றது நடுத்தெருவில், மெயின் பஜாரில். வெட்கம் பார்க்காமல் நானும் அழுதேன்.

ஜூன் 8, ஞாயிறு

இங்கே வந்து மூன்று வாரம். இரண்டு அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் பஸ் டெப்போ. வாலு பஸ் நம்பரையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டாள். கம்பெனியில் எனக்கு மஞ்சள் கையுறை கொடுத்திருக்கிறார்கள். வாத்துப் படம் இல்லாதது வாலுவுக்குக் குறை.

மதியம் டியூட்டி முடிந்து வந்தவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கை தானாகப் போனது. புறங்கை அவள் நெற்றியில் நின்றது. வாசலில் நின்ற வாலு எண்ண வாயைத் திறந்தாள்; அப்புறம் மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு இருக்கு?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

நம்பர் தெரியவில்லை, சுடுகிறது என்றேன். தெர்மாமீட்டர் எடுக்க எழுந்தேன்.

"அது கிடக்கட்டும். கைய எடுக்காதீங்க."