கண்ணில் ஒற்றிய அரம்

17 மே 1983, செவ்வாய்

பொறியியல் கோடைப் பயிற்சியில் இன்று இரண்டாம் நாள். ஒர்க்‌ஷாப்பில் நான் ஒருத்திதான் பெண். இரும்பு ராவும் அரத்தை முதன்முதலாகக் கையில் கொடுத்தார்கள். புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடுகிற பழக்கத்தில் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரும்புத்தூள் கண்ணுக்குள் போய்விட்டது. பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கண்ணைக் கழுவிவிட்டு வந்ததும், "இம்புட்டு கஷ்டம் உனக்கு எதுக்கும்மா? டிராயிங் ஹாலுக்குப் போயி உக்காரு," என்றார் பயிற்சியாளர்.

"இல்ல சார், இங்கனயே நிக்கிறேன்."

அரத்தை மறுபடி எடுத்தேன். சாயங்காலம் வரை ராவினேன். இரும்பு இன்னும் சமமாகவில்லை.

கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அம்மா கேட்டாள். ஆரப்பாளையத்தில் பஸ் கிளப்பிய புழுதி என்றேன். நிஜத்தைச் சொன்னால் நாளைக்கு அனுப்பமாட்டாள்.

நாளைக்கும் அரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முதலில் தூளைத் துடைத்துவிடுவேன், அவ்வளவுதான்.