நான் விட்டுவிட்ட இரண்டு வாக்கியங்கள்

ஜூன் 9, திங்கள்

கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி இருக்கிறது. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

இன்று பள்ளிக்குப் போகவில்லை. வாலுவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. தங்கை வாலுவுக்கும் அப்படித்தான், மூன்றரை வயது. வீட்டில் கேட்கிற ஆள் நான் ஒருத்திதான். டாக்டர் வாயால் சொல்வதை நான் கையால் சொல்ல வேண்டும், அவர்கள் கையால் சொல்வதை வாயால். எட்டு வயதிலிருந்து இதுதான் என் வேலை.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் ஒரு கருவி வைப்பார்கள், வெளியே காதுக்குப் பின்னால் இன்னொன்று. நூலகத்தில் மூன்று புத்தகம் படித்துவிட்டுப் போயிருந்ததால், பாதி தெரிந்தவள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சொன்னார்: "எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி வராதும்மா. சிலருக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும், பேச்சு பிடிபடாது. இப்ப கதவை அறைஞ்சா திரும்பிப் பாக்கறாள்ல, அந்தக் கொஞ்சமும் கருவி வைக்கிற காதுல போயிடலாம். ரெண்டையும் அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லிடு."

சொல்லவில்லை.

அப்பா கேட்டார்: "சரியா வரலேன்னா?"

அதை டாக்டரிடம் கேட்கவே இல்லை. நானே பதில் சொன்னேன். "எல்லாருக்கும் வரும்னு சொல்றாங்க."

வீட்டில் சைகையை விட்டுவிடச் சொல்வார்களா என்று அம்மா கேட்டாள். அதை மட்டும் ஒழுங்காகக் கேட்டேன். விட வேண்டாம், கண்டிப்பாகச் சைகையிலும் பேசுங்கள் என்றார் டாக்டர். அது எனக்கு வசதியான பதில். ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்.

அப்பா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். டாக்டர் என் தோளைத் தட்டி, "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார்.

நல்லதுக்குத்தானே செய்தேன்?

ஜூன் 10

நல்லதுக்குத்தான்.

ஜூன் 12, வியாழன்

நல்லதுக்கு என்றால், யாருடைய நல்லதுக்கு?

இன்று பேருந்தில் அப்பா தன் பழைய ஜோக்கைச் சொன்னார். "மெஷின் சத்தத்துக்கு எங்க அச்சகத்துல எல்லாரும் காதுல பஞ்சு வச்சுக்கிறாங்க. எனக்கு மட்டும் பஞ்சு செலவே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது. பின்சீட்டில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். நான் கைகளை மடியில் பூட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

வாலு பெரியவளானால் அவளிடமும் இப்படித்தான் திரும்பிக்கொள்வேனா? டாக்டர் அறையில் என் கையைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவளாவது என்னை மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

என்னை மாதிரியா. சீ.

ஜூன் 15, ஞாயிறு

தச்சர் மாமா வந்திருந்தார். அவரும் காது கேட்காதவர், அப்பாவோடு ஒரே பள்ளியில் படித்தவர். அவர் பையனுக்கு அதே கருவி வைத்து ஐந்து வருடம் ஆகிறது.

"அவனுக்குச் சத்தம் தெரியுது. பேச்சு புரியல. சைகை காட்டாதீங்கன்னு அந்த டாக்டர் சொன்னாரு, நாங்களும் விட்டுட்டோம். இப்ப எங்க வீட்லயே விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கான்" என்றார். "எல்லாருக்கும் வரும்னு உனக்கு யாரு சொன்னா?"

"டாக்டர். என் பொண்ணு கேட்டுச் சொன்னா. அவ ஒரு வார்த்தை விடமாட்டா."

தச்சர் மாமா என்னைப் பார்த்தார். நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் வழிந்து ஓடிய பிறகுதான் உறைத்தது, இந்த வீட்டில் அதற்குத் தேவையே இல்லை என்று.

ஜூன் 16

சொல்லிட்டேன். எல்லாத்தையும். ஒரே வாக்கியத்தை மூன்று தடவை காட்ட வேண்டியிருந்தது.

என்னைக் கூப்பிட அப்பா வைத்திருக்கும் சைகைப் பெயர் விரித்த இரண்டு உள்ளங்கைகள் — புத்தகம். இன்று அந்த இரண்டையும் சேர்த்து மூடினார். அப்படியே எழுந்து போய்விட்டார்.

அம்மா தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடையைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. கேட்டாள்.

"அன்னைக்கு டீச்சர் சொன்னது?"

"அப்படியேதான் சொன்னேன்."

"வீட்டுக்காரம்மா சொன்னது?"

"கொஞ்சம் குறைச்சுச் சொன்னேன்."

"பேங்க்ல?"

ஆறு வருஷத்தை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதிக்கு எனக்கே ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்றபோது அவள் என்னைப் பார்த்த பார்வை —

முடியல. நாளைக்கு எழுதறேன்.

ஜூன் 17

எழுத ஒன்றுமில்லை. யாரும் என்னை எதையும் கேட்டுச் சொல்லச் சொல்லவில்லை.

ஜூன் 26, வியாழன்

அப்பா மருத்துவமனைக்குத் தானே கடிதம் எழுதியிருக்கிறார். நகலை மேஜையில் பார்த்தேன். இரண்டு வரி. "மகள் வேண்டாம். சைகை தெரிந்த பெரியவர் வேண்டும்."

இன்று மொழிபெயர்க்க ஓர் அக்கா வந்திருந்தார். டாக்டர் பழைய படிவத்தைக் குறுக்கே கோடிட்டு ரத்து செய்தார். என்னிடம், "சின்னப் பொண்ணு தலையில இதைக் கட்டினது என் தப்பு" என்றார். ஆமாம் என்று தலையாட்ட ஆசையாக இருந்தது. ஆட்டவில்லை. அவர் தப்பு வேறு, என் தப்பு வேறு.

நானும் வாலுவும் வெளியே உட்கார்ந்திருந்தோம். கதவில் கண்ணாடி. உள்ளே அப்பாவின் கைகள் தெளிவாகத் தெரிந்தன. பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையும் புரியும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன முடிவு என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

அம்மா துண்டுத்துணியில் ஒரு சின்னத் தலைப்பட்டை தைக்கிறாள். மஞ்சள் நிறம். காதுக்குப் பின்னால் வருகிற இடத்தில், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பை. வெளிக்கருவியை வைக்கத்தான் அது, நூலகப் புத்தகங்களில் படம் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சரியென்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டு, அவர்களாகவே. "நான் சொன்னதும் இதுதானே" என்று மனது ஒரு நொடி துள்ளியது. அதை எழுதவே கூசுகிறது. எழுதிவிட்டேன்.

நூல் கோக்க அம்மா ஊசியை என்னிடம் நீட்டினாள். கோத்துக் கொடுத்தேன்.

வாலு பட்டையைப் பிடுங்கித் தலையில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "வலிக்குமா?"

இல்லை என்று சொல்லக் கை தானாக எழுந்தது. அம்மா தையலை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள்.

"வலிக்கும்" என்றேன். "கொஞ்ச நாளைக்கு."

வாலு யோசித்தாள். பிறகு என் காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவித் தேடினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"உனக்கு வச்சப்ப ரொம்ப வலிச்சுதா?"