அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய அத்தியாயம்

சுங்கை பினாங்,
தைப்பூசம் கழிந்த வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தாட்சாயினிக்கு அம்மா எழுதுவது. முருகன் துணையால் அந்தக் குளிரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது பிள்ளை. கிளாக்கோமாவாம், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும் நோய். வலது கண் முழுக்க இருட்டு, இடது கண்ணில் நடுவே கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, அதுவும் நிலைக்காது, போனது திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். உன் ஆராய்ச்சி முடியும்வரை சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதை மீறித்தான் எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு வழக்கம்போல டத்தோ கிராமாட் சாலையோரம் நின்றோம். நான் தேங்காயை உடைத்துவிட்டு நிமிர்கிறேன், ரதம் எங்களைத் தாண்டிவிட்டது, இவர் மட்டும் வெறும் சாலையைப் பார்த்து அர்ச்சனைத் தட்டை நீட்டிக்கொண்டே நிற்கிறார். பக்கத்து வீட்டுச் சின்னையாதான், அண்ணே, ரதம் போயிருச்சு லா, இந்தப் பக்கம் திரும்புங்க என்று தோளைப் பிடித்துத் திருப்பினார். எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

உன் ஆராய்ச்சியிலிருந்து நீ அனுப்பிய அத்தியாயத்தை நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். டார்வினுக்கு முன்பே உயிரினங்கள் மாறுகின்றன என்று சொன்ன லாமார்க்கைப் பற்றியது. பயாலஜி வாத்தியாராக இருந்த காலமெல்லாம் எட்டி எட்டியே ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது என்றதைச் சொல்லி அந்த மனிதரைக் கிண்டல் செய்தவர் உன் அப்பா. இப்போது அவரோடு சண்டை பிடிக்கிறார், பயன்படுத்தாத உறுப்புதானே தேயும் என்று இந்த லாமார்க் சொன்னார், நான் பேப்பர் திருத்தித் திருத்திக் கண்ணைச் சும்மாவே விடவில்லையே என்கிறார். சிரிக்கத்தான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு, வயதான காலத்தில் லாமார்க்குக்குப் பார்வை போனதையும் அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதிக் கொடுத்ததையும் நீ எழுதியிருக்கும் இடம் வந்தது. தாண்டிவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் பாதி வாசித்துவிட்டேன். அந்த ஆளுக்கு மகள் கூடவே இருந்தாளா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சரி, மூடி வை என்றார்.

இந்தக் கண் நோய் ரத்தத்தில் வருவதாம், அப்பாவைப் பெற்ற உன் கந்தப்புத் தாத்தாவுக்கும் இருந்ததாம். நீ உடனே டாக்டரிடம் கண்ணைக் காட்டு, கம்ப்யூட்டரே கதி என்று இருக்காதே. படிப்பை விட்டுவிட்டு வா என்று சொல்ல மனம் வரவில்லை, வராதே என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு எந்த நம்பிக்கையும் மிச்சமில்லை மகளே. உன் கண்ணையாவது முருகன் காக்கட்டும், நீ நன்றாக இரு.

ஒன்றை மறக்காதே. வந்தால், எப்போதும் போலச் சத்தமில்லாமல் உள்ளே வந்து நிற்காதே, வாசலிலேயே அப்பா என்று கூப்பிட்டுவிடு. முகத்துக்கு நேரே நிற்கும்போது யாரது என்று கேட்டுவிடுவார். போன வாரம் என்னைக் கேட்டார்.

உன் அம்மா,
அருந்ததி