கணுக்கால் தண்ணீர்

மாதா துணை

வல்லம் அருகே, மாதா கோயில் காலனி
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த வார்த்தையை எழுத மனசு வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் காகிதமா என்று சிரிப்பாய். கரண்டு போய் மூன்று நாளாகிறது, உன் தங்கை அஸ்வினியின் போன் செத்துக் கிடக்கிறது, உன் அப்பாவின் பட்டன் போன் மட்டும் ஓடுகிறது, அது அவர் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை. அதில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார், அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே நான் என்ன பேசுவது. எதிர்வீட்டுக் குமரேசன் லீவு முடிந்து நாளைக் காலையில் உங்கள் ஊருக்குக் கிளம்புகிறான். திண்டிவனம் போய் நெட் கிடைத்ததும் இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறான், காகிதத்தை நேரில் தருவான். கூடவே மல்லாட்டைக் கடலையை வெல்லப்பாகில் பிடித்த உருண்டை கொடுத்துவிடுகிறேன், ரூமில் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு நீ வெறும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு இருக்காதே.

அஸ்வினியின் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான், மூக்கு அப்படியே உன் அப்பா மூக்கு, பிடிவாதமும் அதேதான் போலிருக்கிறது. அவளுக்கு வலி எடுத்த அன்று ஆம்புலன்ஸ் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. புது ரோடு இல்லையென்றால் தாயும் பிள்ளையும் இன்றைக்கு இல்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன். மினி பஸ் வருகிறது, களத்து மல்லாட்டை அன்றைக்கே திண்டிவனம் மார்க்கெட் போய்ச் சேருகிறது. இவ்வளவு நல்லது செய்த ரோடுதான் இப்போது காலனிக்கே வினையாக நிற்கிறது.

வெளிநாட்டு வங்கிக் கடனில் ரோடு போடுகிறோம், உங்களையும் கேட்டுத்தான் போடுவோம் என்று மாதா கோயில் வாசலில் கூட்டம் வைத்தார்களே, அப்போது நீ மஸ்கட் போய்விட்டாய். ஒரு வங்கி அம்மாவும் சீனுவாசன் என்கிற இன்ஜினியரும் வந்தார்கள். ஓடைப் பள்ளத்தில் பெரிய பாலம் கட்டத் தனியாக மேலிடத்தில் கேட்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார் இன்ஜினியர். தண்ணீர் நிறைய வருமென்றால் பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு சிமெண்ட் போட்டுத் தருகிறோம், கொஞ்சம்தான் வருமென்றால் மண் கொட்டி மேடாக்கி இரண்டு குழாய் வைத்தால் போதும் என்றார். அது என்ன பள்ளம் என்று உனக்குத் தெரியும். நம் சாவு ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது என்று ஊர்க்காரர்கள் மறித்ததால், கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலங்காலமாக நாம் இறங்கி ஏறிய பள்ளம். உன் தாத்தாவை அடைமழையில் எடுத்தபோது முன்னால் தோள் கொடுத்தவர் உன் அப்பா. மார்பளவுத் தண்ணீரில் கால் வழுக்கிப் பெட்டி ஒரு பக்கம் முழுகிப் போனது. அதை அவர் வாய்விட்டு ஒரு நாளும் பேசியதில்லை. அந்த அம்மா, தண்ணீர் எவ்வளவு உயரம் வரும், உங்களுக்குத்தானே தெரியும் என்று தன்மையாகத்தான் கேட்டது. உன் அப்பா எழுந்து, "கணுக்கால் நனையும்மா, அவ்ளோதான். ஏரியே ரொம்பறதில்ல, தண்ணி எங்கேர்ந்து வரப்போவுது" என்றார். அங்கே இருந்த அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். யாரும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு முறை அதில் இறங்கக்கூடாது, அது ஒன்றுதான் எல்லோர் மனசிலும் இருந்தது.

ரோடு முடிந்த அன்று உன் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்லறை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். வந்தவர், "இதுல மொதல்ல பொட்டில போற ஆளு நானாத்தான் இருக்கணும், ஒரு சொட்டு தண்ணி மேல படக்கூடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அது பலித்துவிடக் கூடாதே என்று இப்போது மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஏரி நிரம்பிக் கலங்கல் சுவரைத் தாண்டி வழிகிறது. ஓடையில் வந்த தண்ணீர் நம் பக்கம் ரோட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு குழாயில் வேலிகாத்தான் முள்ளும் ஆகாயத்தாமரையும் போய் அடைத்துக்கொண்டது, இன்னொன்றுதான் திக்கித் திக்கி விடுகிறது. முன்பெல்லாம் ஓடை வந்தால் காலனி முழுக்கச் சத்தம் கேட்கும். இப்போது சத்தமே இல்லை, படுத்து எழுந்தால் கோயில் படியில் ஒரு படி குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்சா தன் மாட்டை அவிழ்த்து ரோட்டு மேல் கட்டிவிட்டாள். ரோடு போட்ட ஆபீசுக்குப் போன் செய்ததற்கு மழை விட்டதும் வந்து பார்க்கிறோம் என்றார்களாம். ஜேசிபி வைத்து ரோட்டை வெட்டித் தண்ணீரை விடலாம் என்று அம்சாதான் முதலில் வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், உன் அப்பா கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் பள்ளம் இருந்த இடத்துக்கு நேராக ரோட்டில் போட்டுவிட்டார். தலைக்கு மேல் தார்ப்பாய், கையில் குடை. "இத்த வெட்டணும்னா என்ன வெட்டிட்டு வெட்டுங்க. மறுபடியும் நம்ம ஜனத்த பள்ளத்துல எறங்கச் சொல்றீங்களா" என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் இசை, அவர் கட்டிலுக்குக் கீழே ரோட்டோரத்து மண் கசிந்து இறங்குவதை நான் பார்த்தேன். தண்ணீர் தானாக உடைத்துக்கொண்டால் முதலில் போவது அவர்தான், உடைக்காமல் ஏறினால் வீடுகள் போகும். எனக்குப் பயமாக இருக்கிறது.

காலையில் அஸ்வினியையும் பிள்ளையையும் குமரேசன் வண்டியில் ஏற்றித் திண்டிவனத்தில் அவள் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அவர்கள் போனதும் நானும் அம்சாவும் மற்றப் பெண்களும் மண்வெட்டியோடு ரோட்டுக்குப் போகிறோம். அவர் கட்டிலை விட்டு எழுந்தாலும் சரி, எழாவிட்டால் கட்டிலோடு தூக்கி இந்தப் பக்கம் வைப்போம். பிறகு ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இருக்கட்டும். நீ பேசினால் ஒருவேளை தானாகவே எழுந்து வருவார், உன் பேச்சுக்குத்தான் இந்த வீட்டில் மதிப்பு. பாலம் வேண்டும் என்று திரும்பக் கேட்போம், இந்த முறை மார்பளவு என்று நானே எழுந்து சொல்கிறேன் என்று அவரிடம் சொல்.

இவ்வளவும் எழுதி மடித்துவிட்டேன், அம்சா ஓடி வந்தாள், அதனால் பிரித்து எழுதுகிறேன். உன் அப்பா கல்லறைப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாராம். அந்தப் பக்கம் குழாய் வாயில் தண்ணீர் வருவது நின்றுவிட்டதாம். "பாத்தியா, தண்ணி வடிஞ்சிடுச்சு, நான் சொன்னேன்ல" என்று சிரித்துக்கொண்டு டீ கேட்டு அனுப்பியிருக்கிறார். இந்தப் பக்கம் கோயில் படி ஒன்றுகூடத் தெரியவில்லை என்கிறாள் அம்சா, மிச்சமிருந்த குழாயும் அடைத்துக்கொண்டது. நான் காலை வரைக்கும் காத்திருக்கவில்லை, குமரேசனை இப்போதே கிளம்பச் சொல்லி அஸ்வினியையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டு நானும் போகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வந்ததும் தூங்கு. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், என் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. இதைப் பார்த்ததும் மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு. அவர் எடுக்கவில்லையென்றால் டவர் இல்லை என்று நினைத்துக்கொள், மழையில் இங்கே அப்படித்தான். ஆனாலும் விடாமல் போட்டுக்கொண்டே இரு.

உன் அம்மா
சவுரியம்மாள்