குரூப்பில் என் எலும்பு

ஞாயிறு இரவு.

செக்ரட்டரி மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. காலையில் எங்கள் பொழிச்சலூர் அபார்ட்மென்ட்டில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் வைத்தார். மதியம் எல்லோருடைய முடிவையும், தண்ணீர் லாரி வரும் நேரத்தைப் போடுவது போல, பெயரோடு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். என் பெயருக்கு நேரே, 'அடர்த்தி ரொம்பக் குறைவு'.

போன் செய்து கத்தினேன். "உங்க நல்லதுக்குத்தான் மேடம். நாளைக்கு விழுந்தீங்கன்னா தூக்க ஆள் வேணும்ல?" என்றார்.

சாயங்காலத்துக்குள் கீழ்வீட்டு அக்கா பிரண்டைத் துவையலோடு வந்து நின்றார். என் கணவர், "இனிமே ஸ்கூலுக்கு ஆட்டோல போ" என்று ஸ்கூட்டி சாவியை ஒளித்துவிட்டார். இருபது வருடமாக வண்டியில்தான் பாடம் எடுக்கப் போகிறேன்.

முகாமுக்கு வந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயதானால் எலும்பில் சில செல்கள் வேலையை நிறுத்திவிடுமாம், ஆனால் சாகாதாம். இடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் செல்களையும் கெடுக்குமாம். புது எலும்பு வளர்வது குறைந்து, இருப்பதும் கரையுமாம். அதை நினைத்தால் இப்போது செக்ரட்டரி முகம்தான் ஞாபகம் வருகிறது. ஒன்பது வருடமாக அதே பதவி. லிஃப்ட் கெட்டு நாலு மாதம். மனிதர் நாற்காலியை விடுவதாக இல்லை.

அடுத்த தேர்தலில் நான் நிற்கிறேன் என்று குரூப்பில் போட்டுவிட்டேன்.

சாவி அரிசி டப்பாவில் இருக்கிறது. காலையில் எடுத்துக்கொள்வேன். மூன்று மாடி இறங்கும்போது மட்டும் கைப்பிடியை விடக்கூடாது. யாரும் பார்க்காத மாதிரி.