பிரூனா படுத்த வெல்வெட்

துல்லியோ,

டாக்சி கீழே வந்துவிட்டது. அடுப்பில் பிரூனாவுக்கு மீன் இருக்கிறது, உப்பில்லாமல் வேகவைத்து முள்ளெடுத்தது. வெதுவெதுப்பாக, நீலத் தட்டில் வை. வேறு தட்டு என்றால் அந்தப் பூனை மகாராணி முகர்ந்துவிட்டுப் போய்விடுவாள். உனக்கு நேற்றைய ரிசொட்டோ சோறு.

பத்து மணிக்கு என் தையல்காரி மிரெல்லா ஷூப் பெட்டிகளை எடுக்க வருவாள். கதவு திறந்ததும் பூனை படியிறங்கி ஓடாமல் பார்த்துக்கொள்.

நேற்று நீ சொன்னது சரிதான், கவுன் கெட்டது பூனையால்தான். வெட்டுவதற்கு விரித்த வெல்வெட்டின் மேல் பிரூனா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வராமல், அவள் படுத்திருந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டினேன். இன்று மாலை என் ஃபேஷன் ஷோவில் கடைசியாக மேடையேற வேண்டிய மணப்பெண் கவுன் இடப்பக்கம் நான்கு விரல் குட்டை. ஒட்டுப்போடத்தான் இப்படி ஓடுகிறேன்.

ஆனால் அதற்கு மேலும் சொன்னாயே: "பூனை தூங்கினா மிலான் ஊரே மூச்சு விடக் கூடாது. நான் தூங்கினா மட்டும் 'கத்தரி எங்கே'ன்னு உலுக்கி எழுப்புவ." சொல்லிவிட்டு சோபாவில் போய்ப் படுத்துக்கொண்டாய். அது இன்னும் மனசைக் குடைகிறது.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான். போகிறேன்.

ஓர்னெல்லா

அப்புறம், மிச்ச மீனை நீ தின்னாதே.

இன்னொன்று. நீ போர்த்திக்கொண்டு தூங்குவது என் கறுப்புக் கோட்டு. இன்றைக்கு மேடைக்கு அதைத்தான் போடுவதாக இருந்தேன். பாதி உன் தோளுக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மெல்ல இழுத்தேன், முனகினாய், விட்டுவிட்டேன். இந்தக் குளிரில் பழைய மழைக்கோட்டோடு கிளம்புகிறேன்.

நீயாக எழுந்திருந்தால் அதை மிரெல்லாவிடம் கொடுத்தனுப்பு. தூக்கம் கலையவில்லையென்றால் தூங்கு. என் சாவியை அவளிடம் கொடுத்து, வாசல் மணியை அடிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.